முதல்ல வர்றவங்க டீக்காசு

நாள் 1, வியாழன் இரவு, சேலம்

தஞ்சாவூரில் எனக்குத் தெரிந்த பெரிய ஏற்றம் ரயில்வே மேம்பாலம். அதற்கே சீட்டை விட்டு எழுந்து மிதிப்பவள் நான். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. நம்பவில்லை, அவ்வளவுதான்.

திருச்சி, நாமக்கல் வழியாக மதியம் சேலம் புதுப் பேருந்து நிலையம் வந்து சேர்ந்தேன். பஸ் கூரையிலிருந்து சைக்கிளை இறக்கி உருட்டினால் பின்பக்கம் டிக் டிக் என்று சத்தம். செயினைப் பின்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்கு ஏற்றினால் அதையும் தாண்டிப் போக்ஸ் கம்பிக்குள் விழப் பார்க்கிறது. கியர் மாற்றும் டீரெய்லர் இருக்கிற பக்கம் அடியில் போகும்படி படுக்கவைத்து, மேலே ஒரு மூட்டையும் போட்டிருந்தார்கள். எந்த பஸ் என்று கேட்காதீர்கள். லக்கேஜ் டிக்கெட்டை மட்டும் பிசகாமல் கிழித்துக் கொடுத்தார்கள்.

மலை ஏற என்னிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அந்தப் பெரிய பல்சக்கரம். அது இல்லையென்றால் அடிவாரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சேலத்து நண்பர்களோடு எனக்கு நான்கு வருடப் பழக்கம், எல்லாம் போனில். பெயர் போடாதீங்க என்று கேட்டுக்கொண்டதால் கூப்பிடுகிற பெயரையே எழுதுகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் கொலுசு அண்ணன். ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், எல்லாருக்கும் மாஸ்டர். அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் தறி மாமா. நர்ஸ் வேலை பார்க்கும் சிஸ்டர். இன்ஜினீயரிங் படிக்கும் சின்னவள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கி நூறு படத்துக்கு மேல் எடுத்த ஸ்டூடியோவில் இன்றைக்கு மிச்சம் அந்த வளைவுதான். அதன் கீழே ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்துக் கொலுசு அண்ணன் கேட்ட முதல் வார்த்தை, "வண்டி ஏனுங்க சத்தம் போடுது?"

நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

சந்துக்குள் ஒரு சைக்கிள் கடைக்குக் கூட்டிப்போனார்கள். கடைக்காரத் தாத்தாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். என் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தவில்லை, ஸ்டாண்டில் மாட்டவில்லை. பின்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "காது வளைஞ்சு கெடக்குது அம்மிணி" என்றார்.

டீரெய்லர் தொங்குவது பிரேமில் திருகியிருக்கும் ஒரு சின்ன அலுமினியத் துண்டில். ஹேங்கர் என்போம், தாத்தாவுக்கு அது காது. "வேணும்னேதான் மெத்துனு செய்யறான். அடிபட்டா இது வளையோணும், பிரேம் வளையக் கூடாது பாருங்க." டீரெய்லரைக் கழற்றி ஓரமாய்த் தொங்கவிட்டார். சுவரில் ஆணியில் மாட்டியிருந்த பழைய கியர் சைக்கிளின் பின்சக்கரம் ஒன்றை எடுத்து, அதன் அச்சை அந்தக் காதின் ஓட்டையிலேயே திருகினார். மரை கச்சிதமாகப் பொருந்தியது. இப்போது என் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சக்கரம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. காது நேராக இருந்தால் இரண்டு ரிம்முக்கும் நடுவே எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி இருக்க வேண்டும். விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்து அளந்தார். மேலே இரண்டு விரல் கூடுதல், கீழே அதே அளவு குறைச்சல். வெளிச்சக்கரத்தைப் பிடித்து ஒரு அமுக்கு, அளவு. இன்னொரு அமுக்கு, அளவு. அவசரமே இல்லை. கடைசியில் குச்சி நான்கு பக்கமும் உரசிக்கொண்டு போனது.

ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். "இன்னொருக்கா வளைஞ்சா ஒடிஞ்சுரும். பஸ்ல போட்டா செயின் பக்கம் மேல இருக்கோணும்."

அதற்குப் பிறகுதான் ரோட்டோரத் தள்ளுவண்டியில் தட்டுவடை செட்டு. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம், சிவப்புச் சட்னி ஒரு தீற்று, பச்சைச் சட்னி ஒரு தீற்று. வாயைப் பெரிதாகத் திறந்து ஒரே கடியாகக் கடிக்க வேண்டுமாம். நான் பாதி கடித்து மீதியைச் சட்டையில் போட்டுக்கொண்டேன்.

நாள் 2, வெள்ளி, ஏற்காடு

காலை ஐந்தேகாலுக்குக் கோரிமேட்டில் டீ. பொங்கல் முடிந்து பத்து நாள் ஆகியும் பனி விடவில்லை. இங்கேதான் இவர்களுடைய சட்டத்தைச் சொன்னார்கள். டீக்கடைக்கு முதலில் வந்து சேருகிறவர்தான் எல்லாருக்கும் காசு கொடுக்க வேண்டும்.

"கடைசியா வர்றவங்கதானே குடுக்கணும்?" என்றேன்.

"கடைசியா வர்றவங்க ஏற்கெனவே நொந்துபோய் வர்றாங்க. அவங்கிட்ட காசும் புடுங்கறதாங்க?" என்றார் தறி மாமா. அவர் டீ குடிப்பதில்லை. எந்தக் கடையிலும் ஒரு சூடான பால். டீக்காகவே ஓடுகிற கூட்டத்தில் பால் குடிக்கிறவருக்கு என்ன வேலை என்று கேட்டால், "பேச்சு ஒண்ணுதானுங்களே" என்கிறார்.

அடிவாரம் தாண்டியதும் பேச்சு தானாக நின்றது. ஏற்காடு ஏற்றம் முகத்தில் அறையும் ஏற்றமில்லை. நூறு மீட்டருக்கு ஐந்து, ஆறு மீட்டர் உயர்வு. ஆனால் முடிவதில்லை. அடிவாரத்திலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், ஆயிரம் மீட்டருக்கும் மேலே ஏற வேண்டும். மேம்பாலம் என்றால் அந்தப் பக்கம் இறக்கம் இருக்கிறது என்று காலுக்குத் தெரியும். இங்கே வளைவு திரும்பினால் ஏற்றம், அடுத்ததும் ஏற்றம். கீழே மூங்கில், பிறகு பாறை, பிறகு சேலம் முழுக்க விளக்குப் புள்ளிகளாக. வளைவில் உள்பக்கம் ஒட்டிப் போனால் செங்குத்து. வெளிப்பக்கம் அகலமாகப் போனால் ஏற்றம் குறையும், ஆனால் எதிரே பஸ் வரும். பஸ்காரர்கள் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துவிட்டுத்தான் வருகிறார்கள், நல்ல மனிதர்கள்.

ஏழாவது வளைவில் குரங்குக் கூட்டம். சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து எங்களை எண்ணிக்கொண்டிருந்தன. முன்கூடையில் தேங்காய் பன் வைத்திருந்த சிஸ்டர் மட்டும் அங்கே எடுத்த வேகம், பிறகு நாள் முழுக்க எடுக்கவில்லை.

பாதி மலையில் தகரக் கொட்டகை போட்ட ஒரு டீக்கடை. கடை கண்ணில் பட்டதும் நடந்ததைப் பார்க்க வேண்டும். முன்னால் போன கொலுசு அண்ணனும் சின்னவளும் ஊர ஆரம்பித்தார்கள். மாஸ்டர் தண்ணீர் குடிப்பதற்காக நிற்பது போல நின்றார். ட்ராக் ரேஸில் ஒருவரை ஒருவர் முன்னால் விட்டு, சக்கரம் அசையாமல் நிற்பார்களே, அப்படி மூன்று பேர் ஐம்பது மீட்டர் தூரத்தில் நின்றார்கள். நான் பின்னாலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்து மூவர் முகத்திலும் ஒரே சந்தோஷம். நல்லவேளை, சின்னவளுக்குக் கால் வழுக்கிப் பெடல் ஒரு சுற்று சுற்றிவிட்டது. அவள் காசு.

டீ மாஸ்டர் பாய்லரைத் திறந்ததும் கொலுசு அண்ணனும் வாயைத் திறந்தார். பேச்சு பல் கணக்குக்குப் போனது. மாஸ்டர் வண்டியில் முன்னால் 34 பல், பின்னால் பெரியது 28. எனக்குப் பின்னால் 34.

"ரெண்டு பேர் சக்கரமும் ஒரு சுத்துக்கு ரெண்டு மீட்டர் பத்து சென்டி போவும்ங்க," என்று கண்ணாடிக் கிளாஸின் வேர்வையில் விரலை நனைத்துப் பலகையில் எழுதினார் கொலுசு அண்ணன். "மாஸ்டர் ஒரு மிதி மிதிச்சா 34-ஐ 28-ஆல வகுங்க, ஒண்ணேகால் சுத்துக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டரை மீட்டர். நீங்க மிதிச்சா 34-க்கு 34, சரியா ஒரு சுத்து. ரெண்டு மீட்டர் பத்து. அவரு நாப்பது சென்டி கூடப் போறாரு, மூட்டு அந்த நாப்பதுக்கும் வாடகை கட்டுது."

"வாடகை கட்டிக்கிட்டுத்தான் 600 முடிச்சேன்" என்றார் மாஸ்டர். 600 என்றால் பிரெவே, நேர வரம்பு வைத்த நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள் முடிப்பது. 200-க்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி. நான்கையும் ஒரே சீசனில் முடித்தால் சூப்பர் ரான்டனர் பட்டம். பதக்கம் வேண்டுமானால் நாமே காசு கட்டி வாங்கிக்கொள்ள வேண்டும்.

"நைட் டூட்டியில பன்னெண்டு மணி நேரம் நிக்கிறேன். அதுக்கு எவன் பதக்கம் விக்கிறான்?" என்றார் சிஸ்டர். மாஸ்டரிடம் அதற்குப் பதில் இல்லை.

அந்தக் காலத்து அட்லஸ் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 என்று கணக்குத் தொடர்ந்தது. சக்கரமும் பெரியது. ஒரு மிதிக்கு ஐந்தேகால் மீட்டருக்கு மேல். என்னைப் போல இரண்டரை மடங்கு. அதை வைத்துக்கொண்டு இந்த மலையை யார் மிதித்திருக்க முடியும்? மிதிக்கவில்லை. கொலுசு அண்ணனின் அப்பா பாத்திர வியாபாரத்துக்குக் கேரியரில் மூட்டை கட்டி, அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை தள்ளிக்கொண்டே போவாராம். திரும்பும்போது மரக்கிளை ஒன்றை வெட்டிப் பின்னால் கயிற்றில் கட்டிவிடுவார். தரையில் இழுபடும் கிளைதான் பிரேக்.

"வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிளை அடுப்புக்கு. எங்கம்மா வியாபாரம் எப்படின்னு கேக்காது, கிளை எத்தாத்தண்டின்னு பாக்கும்."

அவர் சொல்லி முடிக்கும்போது பலகையில் எழுதின கணக்கு காய்ந்துபோயிருந்தது. நானும் வளைவை எண்ணுவதை அதோடு விட்டுவிட்டேன். மேலே பனிமூட்டம், முன்னால் போகும் சின்னவளின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. கால் ஊன்றாமல் ஏற வேண்டும் என்று வீட்டில் சபதம் செய்துவிட்டு வந்திருந்தேன். எத்தனை முறை ஊன்றினேன் என்று இங்கே எழுத மாட்டேன். ஏரிக்கரையில் சைக்கிளைச் சாய்த்தபோது மணி ஒன்பதரை. தாத்தா நிமிர்த்திய காது ஒரு சத்தம் போடவில்லை.

நாள் 3, சனி, ஏற்காடு

லூப் ரோடு 32 கிலோமீட்டர் என்றார்கள். தட்டையாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். மலைமேல் தட்டை என்று ஒன்று கிடையாது.

இரண்டு பக்கமும் சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச்செடி. பழம் பறிக்கிற காலம். ஒரு களத்தில் சிவப்புப் பழங்களைப் பரப்பி ஒரு பெண் காலால் சால் பிடிப்பது போலக் கிளறிக்கொண்டே நடந்தார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது. இருநூறு வருடம் ஆன காப்பித் தோட்டத்து நடுவே பெஞ்சு போட்டு உட்கார்ந்து நாங்கள் கேட்டது ஐந்து டீ, ஒரு பால். கடைக்கார அம்மா முகத்தைச் சுளித்தார். "இங்க வந்து டீயா? காப்பி போட்டுத் தாரேன், குடிச்சுப் பாருங்க சாமி." கொடுத்தார். குடித்தோம். நன்றாகவே இருந்தது. குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் மௌனம். பிறகு தறி மாமாவே, "சரி, டீயும் போட்டுருங்க" என்றார், தனக்குப் பால் என்பதையும் சேர்த்து. காப்பி சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பேச்சுக்கு டீதான் தாங்கும்.

அங்கே சின்னவள் என்னைக் கேட்டாள், "அக்கா, உங்க வீட்ல யாரு மொதல்ல சைக்கிள் ஓட்டினது?"

புதுக்கோட்டை அத்தை. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அத்தைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. லேடீஸ் சைக்கிளுக்குக் காத்திருந்தால் கிழவியாகிவிடுவோம் என்று ஜென்ட்ஸ் வண்டியிலேயே, புடவையைத் தூக்கிச் செருகி, பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்கு பெடல் போட்டுப் பழகினாள். பிறகு அதே பாரில் என்னை உட்காரவைத்துக் கிணற்றடிக்குப் போவாள், பின்னால் இரண்டு குடம். இறங்கச் சொன்னால் இறங்க மாட்டேன், பாரில் உட்கார்ந்தால் மணி அடிக்கலாம்.

"எனக்கு அரசாங்கம் குடுத்த சைக்கிள் அக்கா, பதினொண்ணாவதுல. அன்னைக்கே அண்ணன் புடுங்கிட்டான்" என்றாள் சின்னவள். பிறகு கல்லூரியில் பகுதிநேரமாக வேலை பார்த்து, இரண்டாம் கையில் இந்த ரோடு பைக்கை வாங்கியிருக்கிறாள். அண்ணனுக்குத் தொடக்கூட அனுமதி இல்லை.

மதியம் சேர்வராயன் கோவில். குகைக்குள் குனிந்து போனால் சேர்வராயன், பக்கத்தில் காவேரி அம்மன். மலையின் பெயரே இவரிடமிருந்து வந்ததுதான். வெளியே பெரிய மொட்டை மேடு, காற்று ஹெல்மெட்டைத் தூக்குகிறது. மழை வருகிற மாதிரி இருந்ததால் ஓடி வந்துவிட்டோம். வரவில்லை.

நாள் 4, ஞாயிறு, சேலம்

இறக்கத்துக்குக் குப்பனூர் ரோடு. அடிவார ரோட்டைவிட நெரிசல் குறைவு, ஆனால் சரிவு அதிகம். கிளம்பும் முன் மாஸ்டர் எல்லாரையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிறுத்தினார். பிரேக்கைப் பிடித்தபடியே போகாதீங்க. பிடி, விடு, பிடி, விடு. முன்னும் பின்னும் மாத்தி மாத்தி. ரிம்மில் உரசுகிற பிரேக் என்றால் அத்தனை சூடும் ரிம்முக்குத்தான் போகும், ரிம்மிலிருந்து டியூபுக்கு. காற்றைக் கொஞ்சம் குறைச்சு வைங்க. அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்கா நின்னு ரிம்மைத் தொட்டுப் பாருங்க.

நான் வாத்தியார் சொன்னதை அப்படியே கேட்கிற ஜாதி. டிஸ்க் பிரேக் வண்டி என்பதால் தொட்டுப் பார்க்கவும் வேண்டியதில்லை. கொட்டச்சேடு தாண்டி இறங்கும்போது காதில் காற்று, கண்ணில் தண்ணீர், எதிரே வந்த ஒரு டெம்போவைத் தவிர ரோட்டில் யாருமில்லை. இரண்டு நாளாக எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தவள், திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவரும் இல்லை. சரி, வருவார்கள் என்று விட்டுவிட்டேன். கனமான ஆள் இறக்கத்தில் வேகமாகப் போவது இயற்பியல், அதில் எனக்கு வெட்கமில்லை.

குப்பனூரில் டீக்கடைக்கு முன்னால் பிரேக் பிடித்து நின்ற பிறகுதான் சட்டம் ஞாபகம் வந்தது.

பத்து நிமிடம், இருபது நிமிடம். யாரையும் காணோம். போனில் டவர் இல்லை. டீ மாஸ்டர், "தனியாவா வந்தீங்க?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார். திரும்ப மேலே ஏறலாமா என்று யோசித்தேன்; கால் ஒத்துக்கொள்ளவில்லை. நாற்பது நிமிடம் கழித்து வரிசையாக வந்தார்கள். சின்னவள் வண்டியில் முன் டியூப் சூட்டில் வெடித்திருக்கிறது. நல்லவேளை, ரிம்மைத் தொட்டுப் பார்க்க அவள் நின்ற பிறகுதான். "தொட்டேன்க்கா, சுர்ருன்னுச்சு. கைய எடுக்கறேன், டப்!" வேறு டியூப் மாட்டியாயிற்று. அதற்கு ஒல்லி வால்வு. கைப்பம்பு பாதியில் மக்கர். வழியில் ஒரு டூவீலர் பங்சர் கடையில் கம்ப்ரசர் இருந்தது, ஆனால் தடித்த வால்வுக்குத்தான் காற்றுப் பிடிக்கும். சிஸ்டர் பர்ஸைத் துழாவி ஒரு பித்தளைத் திருகு அடாப்டரை எடுத்திருக்கிறார். எப்போதோ தாத்தா கடையில் பத்து ரூபாய்க்கு வாங்கியது, சில்லறையோடு சில்லறையாகக் கிடந்தது.

அத்தனையும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சுற்று ஓடிவிட்டது. பத்து டீ, இரண்டு பால், ஆறு வடை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். சின்னவளாவது பாவப்படுவாள் என்று நினைத்தேன். "சட்டம்னா சட்டம்தான்க்கா" என்று அவள்தான் கல்லாவைக் கை காட்டினாள்.

இரவு பஸ் ஏறும்போது கொலுசு அண்ணனும் தறி மாமாவும் வழியனுப்ப வந்தார்கள். லோடுமேன் சைக்கிளை வாங்கிக் கூரைக்கு ஏற்றினார். "செயின் பக்கம் மேலங்க!" என்று கீழேயிருந்து மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். அவர் ஒரு நிமிடம் எங்களைப் பார்த்துவிட்டு, திருப்பிப் போட்டார்.